நாற்பது வயதில் இலக்கியக் கலாநிதிப் பட்டம்: திருமலையிலிருந்து யோசிப்பவர்களுக்கு

திருகோணமலையில் வங்கியிலோ துறைமுகத்திலோ கச்சேரியிலோ (மாவட்டச் செயலகத்திலோ) நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர், நாற்பதுக்குக் கிட்ட வந்தபிறகு "தமிழ் இலக்கியத்தில் பிஎச்டி செய்யப் போறன்" என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி "செய்து?" என்பதுதான். அம்மா கேட்பா, மனிசி கேட்பா, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்பார். சம்பளம் கூடுமா, பதவி உயருமா, கம்பஸில் வேலை எடுக்கலாமா என்ற மூன்று கேள்விகளும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்புகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் அது. மரியாதையாகவும் விவரமாகவும் பதில் சொல்ல வேண்டியது படிக்கப் போகிறவரின் பொறுப்பு.

கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலைமாணி (எம்.ஏ) முடித்து இப்போது பகுதிநேர ஆய்வு மாணவனாக இருக்கிறேன். என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். ஆசிரியர்கள், தாதிமார், கிராம உத்தியோகத்தர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒன்றிரண்டு பேர். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஓரிடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது.

கசப்பான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கலாநிதிப் பட்டம் எடுத்தால் விரிவுரையாளர் ஆகலாம் என்று நினைத்து வேலையை விடுபவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. இலங்கையில் அரச பல்கலைக்கழகங்கள் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் போடும்போது முதலில் கேட்பது கலாநிதிப் பட்டத்தை அல்ல. சம்பந்தப்பட்ட துறையில் சிறப்புப் பட்டம், அதிலும் முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, இதுதான் முதல் வரியில் இருக்கும். அப்படி எடுபட்டவர் குறித்த காலத்துக்குள் உயர்பட்டம் முடித்துத் தன் பதவியை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆக, அந்த வழி இருபத்துநான்கு இருபத்தைந்து வயதில் தமிழ்ச் சிறப்புப் பட்டத்தோடு வெளியே வருகிறவருக்காகப் போட்ட வழி. வணிகமோ பொறியியலோ படித்து, பத்துப் பதினைந்து வருஷம் வேறு வேலை பார்த்து, பிறகு தமிழுக்கு வருகிறவர் அந்த வாசலில் போய் நின்றால், கையில் கலாநிதிப் பட்டம் இருந்தாலும் "உங்கட முதற் பட்டம் என்ன?" என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வார். வாசல் ஒரேயடியாக மூடியிருக்கிறது என்று சொல்லவில்லை. விளம்பரத்தில் வேறு தகைமை வரிகளும் இருக்கும், வருகைதரு விரிவுரைகள் கிடைக்கும். ஆனால் நிரந்தரப் பதவியை நம்பி வேலையை விடுவது ஆபத்தான கணக்கு. ஓர் ஊரிலுள்ள தமிழ்த் துறையில் வெற்றிடம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது உங்களோடு சேர்த்து விண்ணப்பிக்கப் பலர் காத்திருப்பார்கள்.

பாடசாலை ஆசிரியருக்கு நிலைமை கொஞ்சம் வேறு. அவர் ஏற்கனவே தமிழ்தான் படிப்பிக்கிறார். பட்டம் வந்தால் மரியாதை கூடும், கல்வியியற் கல்லூரி, பாடநூல் எழுதும் குழு போன்ற இடங்களுக்கு அழைப்பு வரலாம். சம்பளத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, அப்படியென்றால் ஏன் செய்ய வேண்டும்?

இதற்குப் பதில் தேடும்போது ஈழத்துத் தமிழாய்வை உருவாக்கியவர்களில் எத்தனை பேர் வேறு வேலையிலிருந்து வந்தவர்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம்பிள்ளை சென்னையில் அரசாங்கக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், பிறகு சட்டம் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றியவரும் அவர்தான். தனிநாயகம் அடிகள் ரோமில் இறையியலில் கலாநிதிப் பட்டம் முடித்த குருவானவர். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழை முறையாகப் படித்தார். ஒரு கலாநிதிப் பட்டத்தை ஏற்கனவே வைத்திருந்தவர் வகுப்பில் திரும்பவும் மாணவராக உட்கார்ந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் முன்னின்று தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தியது.

கைலாசபதி தினகரன் பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில் இருந்துவிட்டுத்தான் பேர்மிங்ஹாம் போய்க் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் சங்கக் கவிதை பற்றி ஆய்வு செய்தார். சிவத்தம்பி பாடசாலை ஆசிரியராகவும், பாராளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் உத்தியோகத்தராகவும் இருந்தவர். அவரும் பிறகு அதே தொம்சனிடம் போய்ப் பழந்தமிழ் நாடகம் பற்றி ஆய்வு செய்தார். இவர்கள் இருவரும் பழைய வேலையை மறந்துவிட்டு ஆய்வுக்குப் போனவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நாள் முழுக்கச் செய்தியோடும் வாசகரோடும் மல்லுக்கட்டிய ஒருவருக்கு, ஒரு கவிதை எந்தச் சமூகத்தில் யாருக்காகப் பாடப்பட்டது என்ற கேள்வி இயல்பாக வரும். சபையில் ஒருவர் பேசப் பேச அதை இன்னொரு மொழியில் நிறுத்தாமல் சொல்லிப் பழகியவருக்கு நாடகம் என்பது ஏட்டில் கிடக்கும் வசனம் மட்டுமில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இது என் ஊகம்தான், ஆனால் அவர்களுடைய எழுத்தை வாசிக்கும்போது எனக்கு அது உறுதியாகவே படுகிறது.

திருமலைக்காரருக்கு இன்னும் கிட்டிய உதாரணம் விபுலாநந்த அடிகள். காரைதீவில் 1892இல் பிறந்தவர், விஞ்ஞானம் படித்து 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி பட்டம் எடுத்தவர், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர், நம் ஊர் இந்துக் கல்லூரியில் அதிபராகவும் இருந்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். கலாநிதிப் பட்டம் அவரிடம் இருக்கவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் இருந்தது, விஞ்ஞானப் படிப்பு இருந்தது. 1947இல் வெளிவந்த யாழ் நூலைத் திறந்து பாருங்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ள வரிகளை வைத்துக்கொண்டு பழைய யாழ்களின் நரம்புகளையும் சுருதிகளையும் கணக்குப் போட்டு மீட்கப் பார்த்திருக்கிறார். வெறும் இலக்கியம் மட்டும் படித்தவர் அந்தப் பக்கங்களை எழுதியிருக்க முடியாது. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தமிழுக்குள் வந்ததால் கிடைத்த புத்தகம் அது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்ல நினைக்கும் ஒரே விஷயமும் இதுதான். வேறு தொழிலிலிருந்து இலக்கிய ஆய்வுக்கு வருகிறவர் பதவியைத் தேடி வந்தால் பெரும்பாலும் ஏமாறுவார். ஒரு கேள்வியைத் தேடி வந்தால், அந்தக் கேள்வியை அவர் பழைய தொழிலே அவருக்குக் கொடுத்திருக்கும்.

கேள்வி என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். இலக்கியம் பிடிக்கும் என்பதும் இலக்கியத்தை ஆய்வது என்பதும் ஒன்றில்லை. நம் ஊர்க்காரரான தி.த.சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட மோகனாங்கியை எடுத்துக்கொள்வோம். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். திருமலையில் பிறந்து சென்னைக்குப் படிக்கப் போய் அங்கேயே சுவடி நூலகத்தில் வேலை பார்த்தவர் சரவணமுத்துப்பிள்ளை. பெண் விடுதலை பற்றி தத்தை விடு தூது என்று ஒரு சிறு நூலும் எழுதியிருக்கிறார். இந்த ஊரில் இலக்கியம் பேசும் யாருக்கும் மோகனாங்கி என்றால் பெருமை. அந்தப் பெருமையோடு ஒருவர் மேற்பார்வையாளரிடம் போனால் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"சேர், மோகனாங்கியை ஆய்வு செய்யலாமெண்டு யோசிக்கிறன்."

"நல்லது தம்பி. அதில என்னத்தை?"

"அதுதான் சேர் முதல் வரலாற்று நாவல். எங்கட ஊர்க்காரர் எழுதினது. அதின்ர சிறப்புகளை..."

"சிறப்பைச் சொல்ல ஒரு கட்டுரை போதும். உமக்கு அதில விளங்காமல் இருக்கிறது என்ன? அதைச் சொல்லும்."

இந்த இடத்தில் பலர் வாயடைத்துப் போவார்கள். பிடித்ததை எல்லாம் சொல்ல முடியும், விளங்காததைச் சொல்லத் தெரியாது. வீட்டுக்கு வந்து நாவலைத் திரும்ப வாசித்தால் கேள்விகள் வரத் தொடங்கும். கதை நடப்பது தஞ்சாவூரிலும் மதுரையிலும், நாயக்க மன்னர் காலத்தில். கோணேசர் கோயிலைச் சுற்றிப் புராணமும் கல்வெட்டுக் கதையும் குவிந்து கிடக்கும் ஊரில் பிறந்த ஒருவர், வரலாற்று நாவல் எழுத உட்கார்ந்தபோது ஏன் நாயக்கரைத் தேர்ந்தார்? சென்னையில் அவர் கையாண்ட சுவடிகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அதை வாங்கி வாசித்தவர்கள் சென்னையிலா, யாழ்ப்பாணத்திலா, திருமலையிலா? பிறகு அதைச் சுருக்கி வேறு தலைப்பில் அச்சிட்டபோது எதை வெட்டினார்கள், யாருக்காக வெட்டினார்கள்? கடைசிக் கேள்வி ஒன்றே ஒரு முதுதத்துவமாணிக்கு (எம்.பில்) போதும் என்று நினைக்கிறேன். இரண்டு பதிப்புகளையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து, எந்த அத்தியாயத்தில் எந்தப் பந்தி போனது என்று எழுத வேண்டும். மாதக்கணக்கான வேலை. அலுப்பான வேலை என்று சிலர் சொல்வார்கள். பேரேட்டையும் வங்கிக் கூற்றையும் வரிக்கு வரி சரிபார்த்து, பத்து ரூபாய் வித்தியாசம் எங்கே என்று இரவு வரைக்கும் இருந்து கண்டுபிடித்துப் பழகியவருக்கு அந்த வேலையின் ருசி தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம். பழைய தமிழ்ப் புத்தகங்களின் முகப்பில் பல நேரம் ஆங்கில வருஷம் இருக்காது, தமிழ் வருஷம் மட்டும் இருக்கும். மன்மத வருஷம் ஆவணி மாதம் என்று போட்டிருந்தால் அது 1895ஆகவும் இருக்கலாம், 1955ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும், 2015உம் மன்மத வருஷம்தான். அப்போது அச்சியந்திரசாலையின் பெயர், எழுத்துருவின் அமைப்பு, விலை அணாவிலா ரூபாய் சதத்திலா என்பது, சாற்றுகவி (நூலைப் பாராட்டும் பாட்டு) தந்தவர்கள் எந்தக் காலத்தில் உயிரோடு இருந்தார்கள் என்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆண்டை முடிவு செய்ய வேண்டும். முகப்பில் ஒரு கண், விலையில் ஒரு கண் வைத்துப் பார்ப்பது சுங்கத்தில் வேலை செய்தவருக்கும் தபால் கந்தோரில் இருந்தவருக்கும் கைவந்த கலை. பட்டதாரி மாணவர்கள் பலர் இதில் சறுக்குவதைக் கண்டிருக்கிறேன்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். பட்டங்களைத் தரம் பிரிக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பன்னிரண்டு மட்டங்கள் இருக்கின்றன. மூன்று வருஷப் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், நான்கு வருஷச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், முதுகலைமாணி ஒன்பது அல்லது பத்து, முதுதத்துவமாணி பதினொன்று, கலாநிதி பன்னிரண்டு. முதுகலைமாணியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பாடநெறி மட்டும் முடித்தால் ஒன்பது, அதோடு ஆய்வேடும் எழுதினால் பத்து. பின்னால் ஆய்வுப் பட்டத்துக்குப் போக நினைப்பவர் கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் ஆய்வேடு உள்ள முதுகலைமாணியைத் தேர்வது நல்லது.

தமிழே படிக்காத ஒருவர் எங்கே தொடங்குவது? பெரும்பாலானவர்கள் வெளிவாரிப் பட்டம் மூலம்தான் தொடங்குகிறார்கள். தமிழை ஒரு பாடமாக எடுத்துக் கலைமாணி (பி.ஏ) முடித்து, முதுகலைமாணிக்கு விண்ணப்பித்து, சில இடங்களில் அதற்கு முன் தகுதிப் பரீட்சை எழுதி, பிறகு முதுதத்துவமாணிக்குப் பதிந்து, முன்னேற்றம் திருப்தி என்றால் அதைக் கலாநிதிப் பட்டமாக மேலுயர்த்துவது. வேலை பார்த்துக்கொண்டே போனால் பத்து வருஷத்தை எதிர்பார்த்துக்கொண்டு இறங்குவது நல்லது. முப்பத்தெட்டில் தொடங்கினால் நாற்பத்தெட்டு. அந்தப் பத்து வருஷம் எப்படியும் போகத்தான் போகிறது என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தப் பத்து வருஷத்தில்தான் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதுவார்கள், சாதாரண தரம் எழுதுவார்கள், அப்பா அம்மாவுக்கு வயதாகும். அதைத் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

திருமலையில் இருந்துகொண்டு எங்கே படிப்பது என்பது அடுத்தது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, ஆனால் அங்கே முதன்மையாக இருப்பவை தொடர்பாடலும் வணிகமும், பிரயோக விஞ்ஞானமும், சித்த மருத்துவமும். தமிழ் இலக்கியத்துக்குக் கலை கலாசார பீடம் இருப்பது வந்தாறுமூலையில். மட்டக்களப்பு பஸ் ஏறினால் கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று போய் மட்டக்களப்புக்கு முதலே இறங்கிவிடலாம். ஒரு காலத்தில் இந்தப் பாதையில் இறங்குதுறைகளில் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும், 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து மற்றப் பாலங்களும் வந்தபிறகுதான் காலையில் போய் மேற்பார்வையாளரைக் கண்டுவிட்டு அன்றைக்கே திரும்புவது சாத்தியமானது. இந்தப் பாலங்களால் கிழக்கில் எத்தனை பேர் படிக்க முடிந்தது என்று யாராவது எழுத வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு வவுனியா வழியாகப் போக வேண்டும், ஒரு நாள் தங்காமல் முடியாது. பேராதனையில் மானிடப் பண்பியல், சமூக விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது, அதற்குக் கண்டி பஸ். தமிழ் இலக்கியம் பற்றிய ஆய்வேட்டை யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் தமிழிலேயே எழுதலாம். ஆனால் ஆங்கிலத்தில் வாசிக்காமல் தப்ப முடியாது, அதை முதல் வருஷத்திலேயே பழகிக்கொள்வது நல்லது.

இந்தியாவுக்குப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அண்ணாமலை, சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று தமிழ் படிக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. நம் பேராசிரியர்கள் பலர் அங்கே படித்தவர்கள், பேராசிரியர் எம்.ஏ.நுஃமான் பாடசாலை ஆசிரியராகத் தொடங்கி அண்ணாமலையில் மொழியியலில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். இந்தியக் கலாசார உறவுகள் குழுவின் புலமைப்பரிசில்கள் இலங்கையருக்கு உண்டு. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி கலாநிதிப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருஷம், கூடியது ஆறு வருஷம், அதற்கு மேல் நீடிப்பு கேட்கலாம், பெண்களுக்கு மேலதிகமாக இரண்டு வருஷம் உண்டு. முதுதத்துவமாணியை அந்த விதிமுறை நிறுத்திவிட்டது. குடும்பத்தோடு இருப்பவருக்கு முழுநேரமாகப் போய் இருப்பது பாரம்தான், தனியாக இருப்பவர் தாராளமாக யோசிக்கலாம்.

அரச உத்தியோகத்தில் இருப்பவர்கள் வேலையை விடுவதற்கு முன் தாபன விதிக்கோவையில் லீவு பற்றிய அத்தியாயத்தை ஒருதரம் முழுக்க வாசிக்க வேண்டும். கற்கை லீவு, சம்பளமற்ற லீவு என்று வழிகள் இருக்கின்றன. பதவிக்கும் சேவைக்காலத்துக்கும் ஏற்ப நிபந்தனைகள் மாறும், சுற்றுநிருபங்களும் அடிக்கடி மாறும், ஆகவே சினேகிதர் சொன்னதைக் கேட்டு முடிவெடுக்காமல் நிர்வாக உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். பென்ஷனுக்குக் கொஞ்ச வருஷமே இருக்கும் ஒருவர் அவசரப்பட்டு இராஜினாமாக் கடிதம் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை. தனியார் துறையில் அந்த வசதி கிடையாது. அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்வது, முதல் நான்கைந்து வருஷம் வேலையோடேயே ஓட்டுங்கள், ஆய்வேட்டின் கடைசிப் பகுதியை எழுதும்போது ஆறு மாதமோ ஒரு வருஷமோ விட வேண்டி வரலாம், அதற்கென்று இப்போதே தனியாகச் சேமியுங்கள்.

பெண்களுக்கு இது இரண்டு மடங்கு கடினம், அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆண் மேசையில் புத்தகத்தை விரித்தால் "அவர் படிக்கிறார்" என்று வீடே சத்தத்தைக் குறைக்கும். பெண் விரித்தால் குக்கர் விசில் அடிக்கும், மாமிக்கு மருந்து நேரம் வரும், பிள்ளையின் சப்பாத்தைக் காணாது. எனக்குத் தெரிந்த ஆசிரியை அக்கா ஒருவர் விடிய நான்கு மணிக்கு எழும்பி ஆறு வரை எழுதுவா, முதுகலைமாணி ஆய்வேடு முழுக்க அந்த நேரத்தில் எழுதினது. "எனக்கு நேரம் தாங்கோ எண்டு ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை தம்பி, கேட்டால் தந்திருப்பினமோ தெரியாது" என்றா. கேட்டிருக்க வேண்டும், கொடுத்திருக்க வேண்டும். மனிசி படிக்கிறாள் என்றால் இரவுச் சாப்பாட்டை ஒருவர் பொறுப்பெடுப்பது உதவி இல்லை, அது அந்த வீட்டின் வேலைப் பங்கீடு.

ஆய்வுக்கான மூலங்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திருமலையிலிருந்து செய்ய முடியுமா என்ற சந்தேகம் பெரும்பாலும் இதில்தான் வருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதோடு எத்தனையோ ஒற்றைப் பிரதிகள் போய்விட்டன. நம் மாவட்டத்தில் இடப்பெயர்வுகளிலும் 2004 சுனாமியிலும் வீட்டுச் சேகரிப்புகள் அழிந்தன. அதனால் ஈழத்து இலக்கியம் பற்றி ஆய்பவர் பல நேரம் தன் ஊர்ப் புத்தகத்தைச் சென்னையில் போய்த் தேட வேண்டும், ரோஜா முத்தையா நூலகத்திலும் உ.வே.சா. நூலகத்திலும். பழைய பத்திரிகைகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம், இரவு ரயிலில் போனால் காலையில் அங்கே நிற்கலாம். ஆனால் நிலைமை முன்பு மாதிரி இல்லை. 2005இலிருந்து நூலகம் எண்ணிமத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. திருமலையில் வெளிவந்த சிறுசஞ்சிகைகளும் அதில் இருக்கின்றன. ஈழகேசரி, மல்லிகை போன்றவற்றைத் தேடி அலைந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது வேலை முடிந்து வந்து இரவு ஒன்பது மணிக்கு உப்புவெளியில் இருந்துகொண்டே ஒரு பழைய இதழைத் திறக்கலாம். வேலையை விடாமலே ஆய்வு செய்யலாம் என்று நான் துணிந்து சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

மேற்பார்வையாளரைத் தேர்வது பற்றி ஒரு வார்த்தை. பெயர் பெற்றவரைத் தேடாதீர்கள், நீங்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்துத் திருப்பித் தருபவரைத் தேடுங்கள். அவரிடம் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரிடம் "கடைசியாக் குடுத்த அத்தியாயம் எப்ப திரும்பி வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். மற்றதெல்லாம் அந்தப் பதிலில் தெரியும். அவருக்கு ஓய்வுபெற எத்தனை வருஷம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பகுதிநேர மாணவருக்கு இது முக்கியம். பதிவு செய்வதற்கு முன்பே நான்கு பக்கத்தில் ஒரு முன்மொழிவு எழுதி அவருக்குக் காட்டுங்கள். அந்த நான்கு பக்கத்தை எழுத முடியாவிட்டால் கட்டணம் கட்ட இன்னும் நேரம் வரவில்லை.

தலைப்புக் கிடைக்காமல் தவிப்பவர்கள் தூரப் போக வேண்டியதில்லை. தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் பாடிய வெருகல் சித்திரவேலாயுதர் காதல் என்ற நூலில் வரும் ஊர்ப்பெயர்களும் பாதைகளும் இன்றைய நிலப்பரப்போடு எப்படிப் பொருந்துகின்றன என்பதை அந்தப் பக்கத்தில் நில அளவையாளராக வேலை செய்தவர் கேட்டால் வரும் பதில் வேறு. கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் கோயில் தொழும்புகளுக்கு (கோயில் பணிகளுக்கு) விதிக்கும் கடமைகளையும் மானியங்களையும் கணக்குத் தெரிந்தவர் வாசித்தால் கண்ணில் படுவது வேறு. நம் ஊர் எழுத்தாளர் நா.பாலேஸ்வரியின் நாவல்களில் உத்தியோகம் பார்க்கும் பெண்களை ஒரு தாதி வாசிக்கலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் வயதானவர்கள் வாயில் இருக்கும் பாடல்களை அந்த ஊர் மருந்தகக்காரர் பதிவு செய்யத் தொடங்கலாம், அவருக்குத்தான் எல்லா வீடும் தெரியும். அப்புறம் இன்னொன்று. உங்கள் வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ 1950க்கு முந்திய அச்சுப் புத்தகம், நோட்டீஸ், கோயில் மலர், கலியாண வாழ்த்துப்பா ஏதாவது கறையான் அரிக்காமல் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். முகப்பையும் பின்னட்டையையும் சேர்த்து எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து நூலகத் திட்டத்துக்கு அனுப்புங்கள், இந்த ஊரில் யாரோ ஒருவருடைய இரண்டாம் அத்தியாயம் அதற்காகத்தான் நின்றுகொண்டிருக்கிறது.